வெளிநாட்டு உதவிப் பணம் எங்கே போகிறது? திறந்த தரவில் தேடத் தொடங்குபவர்களுக்கு

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கண்மாய்க் கரையோரமாகப் போகும்போது, புதிதாகப் பூசிய மடைக்கோ கலுங்குக்கோ பக்கத்தில் 'உலக வங்கி நிதியுதவியுடன்' என்று எழுதிய பலகை ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். திட்டத்தின் பெயர் இருக்கும், ஒரு தொகை இருக்கும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. அது தானமா கடனா, கடன் என்றால் கட்டப்போவது யார், சொன்ன பணத்தில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை, பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பெரும்பாலான இடங்களில் கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்லூரியில் சமூகப்பணியும் பொருளாதாரமும் படிக்கிற பிள்ளைகளுக்கும், ஊரணிக்கும் கண்மாய்க்கும் அலைந்துகொண்டிருக்கிற பெரியவர்களுக்கும் இது நன்றாகப் பயன்படும் என்று நம்புகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கருவிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். உதவித் தரவில் ஒரு தொகையைக் கண்டால், அது பணத்தின் பயணத்தில் எந்தக் கட்டத்தில் எண்ணப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். மாநாட்டு மேடையில் ஒரு அமைச்சர் "இவ்வளவு தருகிறோம்" என்று சொல்வது அறிவிப்பு. அதன்பிறகு முறைப்படி கையெழுத்தாகி, தருபவர் கட்டுப்பட்டுவிட்ட தொகை ஒப்பந்தத் தொகை. ஒரு அமைப்பின் கணக்கிலிருந்து இன்னொரு அமைப்பின் கணக்குக்கு உண்மையிலேயே போன பணம், வழங்கிய தொகை. அந்தப் பணத்தைக் கொண்டு சிமெண்ட் வாங்கி, கூலி கொடுத்து, பம்பு செட் வாங்கினால் அது செலவு. செய்தித்தாள் தலைப்பில் வருவது பெரும்பாலும் முதல் இரண்டு, ஊர்க்காரர் கண்ணில் படுவது கடைசி ஒன்று, நடுவில் பல வருடங்கள் ஓடிவிடும். இந்த நாலையும் பிரித்துப் பார்க்காமல் கூட்டினால் வருகிற எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

சரி, இந்தத் தரவெல்லாம் எங்கிருந்து வருகிறது? இரண்டு பெரிய ஊற்றுகள் உண்டு. ஒன்று ஓஇசிடி. பணக்கார நாடுகளின் அந்த அமைப்புக்குள் டிஏசி என்று ஒரு குழு 1960களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது, உறுப்பு நாடுகள் ஒவ்வொரு வருடமும் எந்த நாட்டுக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தோம் என்று அதற்குக் கணக்கு ஒப்படைக்கின்றன. திட்டவாரியான அந்தப் பட்டியல் 1973 முதல் இருக்கிறது, பழைய வருடங்களில் ஓட்டைகள் அதிகம். புள்ளிவிவரக்காரர்கள் சரிபார்த்த பிறகுதான் வெளியிடுவார்கள், அதனால் நம்பகம் கூடுதல், ஆனால் தாமதமாக வரும், போன வருடத்தின் முழு விவரத்தைக்கூட உடனே எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று ஐஏடிஐ. 2008இல் கானா நாட்டின் ஆக்ரா நகரில் உதவியைப் பற்றி ஒரு பெரிய மாநாடு நடந்தது, அங்கே தொடங்கிய வெளிப்படைத்தன்மை முயற்சி இது. உதவி தருகிற, செலவழிக்கிற அமைப்புகள் தங்கள் திட்ட விவரத்தை எல்லோரும் ஒரே வடிவத்தில், கணினி படிக்கும்படி, தங்கள் தளத்திலேயே வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2011இல் அந்த வடிவம் தயாராகி முதல் தரவுகள் வந்தன. இப்போது அரசுகள், ஐநா அமைப்புகள், வளர்ச்சி வங்கிகள், தொண்டு நிறுவனங்கள் என்று 1,500க்கும் மேற்பட்ட அமைப்புகள் இதில் வெளியிடுகின்றன. சிலர் மாதந்தோறும் புதுப்பிக்கிறார்கள், சிலர் ஒருமுறை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. யாரும் நடுவில் உட்கார்ந்து தொகைகளைச் சரிபார்ப்பதில்லை. ஆகவே வேகமும் நுணுக்கமும் வேண்டுமென்றால் ஐஏடிஐ, பல வருடங்களை ஒப்பிட்டு ஒழுங்கான மொத்தம் வேண்டுமென்றால் ஓஇசிடி. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

ஆனால் நம் ஊர்ப் பலகையிலிருந்து தொடங்குகிறவர் இந்த இரண்டிடமும் முதலில் போக வேண்டாம். உலக வங்கியின் திட்டப் பக்கத்துக்குப் போங்கள், அதுதான் தொடக்கக்காரருக்கு ஏற்றது என்பது என் கருத்து. நம் பகுதிக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நீர்வள நிலவளத் திட்டம், பொதுப்பணித் துறைக்காரர்கள் 'ஐயாம்வார்ம்' என்று சொல்வது. முதல் கட்டத்துக்கு உலக வங்கி 2007இல் அனுமதி கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக வந்த நீர்ப்பாசன வேளாண்மை நவீனமயமாக்கல் திட்டத்துக்கு 2017 டிசம்பரில் 318 மில்லியன் டாலர் கடன், மாநிலம் முழுக்க ஏறத்தாழ 4,800 கண்மாய், ஏரிகளையும் நூற்றுக்கணக்கான தடுப்பணைகளையும் சீரமைப்பது இலக்கு. மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் என்றால் 100 கோடி என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும். 318 மில்லியன் டாலர் என்றால் 31.8 கோடி டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 2,000 கோடி ரூபாய். திட்டத்தின் மொத்த மதிப்பு இதைவிட அதிகம், ஏனென்றால் மாநில அரசும் தன் பங்கைப் போடுகிறது. பலகையில் எழுதியிருக்கும் தொகையில் இரண்டும் கலந்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

உலக வங்கியின் ஒவ்வொரு திட்டத்துக்கும் 'பி' என்ற எழுத்தில் தொடங்கும் ஆறு இலக்க எண் ஒன்று உண்டு. அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திட்டப் பக்கத்தில் அனுமதித்த நாள், முடியும் நாள், ஒப்பந்தத் தொகை, நடைமுறைப்படுத்தும் துறை எல்லாம் இருக்கும், அதைவிட முக்கியமாக ஆவணங்கள் இருக்கும். தொடக்கத்தில் எழுதிய மதிப்பீட்டு ஆவணம், நடுவே சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் நிலவர அறிக்கை, முடிந்த பிறகு வரும் நிறைவு அறிக்கை. நிறைய பேர் முதலாவதை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், அது ஆசைகளின் பட்டியல். நிலவர அறிக்கையில்தான் இதுவரை எவ்வளவு பணம் வழங்கினார்கள், எத்தனை ஹெக்டேர் இலக்கில் எவ்வளவு எட்டியிருக்கிறது, வங்கியே தன் திட்டத்துக்கு என்ன மதிப்பெண் போடுகிறது என்பது இருக்கிறது. இலக்கைத் திருத்தியிருந்தால் அதுவும் தெரியும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வங்கியின் கடன் பட்டியல். இது தனியாக வேறொரு பக்கத்தில், எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கடனுக்கும் மூலத் தொகை, ரத்தான தொகை, இன்னும் வழங்காத தொகை, வழங்கிய தொகை, திருப்பிக் கட்டிய தொகை, பாக்கி என்று வரிசையாக நிற்கும். வட்டியும் முதலும் பேசிப் பழகிய நம் பக்கத்து வீடுகளில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை, படித்தவுடன் புரிந்துவிடும். ரத்தான தொகை என்ற பத்தியைக் கவனியுங்கள், கையெழுத்தான பிறகும் எடுக்காமலே போன பணம் அதில்தான் தெரியும். கடன் வாங்குபவர் இந்திய அரசு, அங்கிருந்துதான் மாநிலத்துக்கு வருகிறது, எனவே பட்டியலில் தமிழ்நாட்டை நாட்டுப் பெயராகத் தேடினால் கிடைக்காது, இந்தியாவை வடிகட்டி எடுத்து அதற்குள் திட்டத்தின் பெயரைத் தேட வேண்டும்.

இந்தக் கடன் உதவியில் சேர்த்தியா என்ற கேள்வி வரும், வர வேண்டும். உலக வங்கிக்குள் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஐடிஏ என்பது ஏழை நாடுகளுக்கு மிகச் சலுகையான கடனும் மானியமும் தரும் பெட்டி, ஐபிஆர்டி என்பது சந்தை வட்டிக்கு நெருக்கமாகக் கடன் தரும் பெட்டி. இந்தியா 2014இல் ஐடிஏவிலிருந்து வெளியேறியது, சில வருடம் இடைக்கால உதவி கிடைத்தது, இப்போது ஐபிஆர்டிதான். 2007ஆம் ஆண்டுக் கண்மாய்க் கடனில் ஐடிஏ பங்கும் இருந்தது, 2017ஆம் ஆண்டுக் கடன் ஐபிஆர்டி. ஓஇசிடி கணக்கில் ஐடிஏ பங்கு வளர்ச்சி உதவியில் சேரும், ஐபிஆர்டி கடன் அதில் சேராது, வேறு தலைப்பில் போய்விடும். ஆகவே "இந்தியாவுக்கு வந்த உதவி" என்று ஓஇசிடி சொல்லும் தொகையில் நம் ஊர் மடைக்கு வந்த பணம் இல்லாமல் இருக்கலாம், உலக வங்கிப் பக்கத்தில் இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணும் விதி வேறு.

அடுத்து டி-போர்ட்டல். ஐஏடிஐ தரவு எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருப்பதால் நேராகத் திறந்தால் கண் பூத்துப் போகும், அதை மனிதர் படிக்கும்படி காட்டுவதற்காகவே இந்தத் தளம். நாட்டைத் தேர்ந்தெடுத்தால் நடக்கும் திட்டங்கள், முடிந்தவை, தருபவர்கள், துறைகள் என்று பிரித்துக் காட்டும். ஒரு திட்டத்தைத் திறந்து பாருங்கள். நிதி தருபவர், பொறுப்பேற்பவர், பணத்தை அடுத்த கைக்குக் கடத்துபவர், களத்தில் செய்பவர் என்று நான்கு பாத்திரங்களில் அமைப்புகளின் பெயர் இருக்கும். திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒரு எண் இருக்கும், 2 என்றால் நடக்கிறது, 4 என்றால் மூடியாகிவிட்டது, 5 என்றால் ரத்து. துறைக்கு ஐந்து இலக்க எண்கள் உண்டு, அவை ஓஇசிடியின் அதே எண்கள்தான். 140இல் தொடங்கினால் குடிநீர், துப்புரவு. 11220 என்றால் தொடக்கக் கல்வி. 12220 அடிப்படை மருத்துவம். இந்த எண்களைப் பழகிக்கொண்டால் எந்தத் தளத்திலும் சரியாக வடிகட்டலாம், பெயரை வைத்துத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். மொத்தமாகத் தரவிறக்க வேண்டும் என்றால் ஐஏடிஐயின் தேடல் தளத்தில் சிஎஸ்வி கோப்பாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. சிவகங்கை என்று போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் பணமே வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இடத்தின் ஆயத்தொலைவைக்கூடப் பதிய அந்த வடிவத்தில் வசதி இருக்கிறது, ஆனால் பெரும்பாலானோர் நாட்டின் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். போதாக்குறைக்கு நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். மாவட்ட அளவிலான விவரம் பெரும்பாலும் இணைக்கப்பட்ட ஆவணங்களுக்குள்தான் ஒளிந்திருக்கும், அங்கே தேட வேண்டும்.

இப்போது கூட்டல். தொடக்கக்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு அரசு ஐநா அமைப்பு ஒன்றுக்கு 100 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தன் நிர்வாகச் செலவு போக 90 ரூபாயை ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தருகிறது, அவர்கள் 85 ரூபாய்க்கு வேலை செய்கிறார்கள். மூவரும் ஐஏடிஐயில் வெளியிடுகிறார்கள், மூவர் சொல்வதும் உண்மை. நீங்கள் மூன்றையும் கூட்டினால் 275 ரூபாய் உதவி வந்ததாகிவிடும். அந்தக் காலத்தில் ரங்கூன் கடைப் பேரேட்டில் பற்றாக இருக்கும் அதே தொகை காரைக்குடி வீட்டுப் பேரேட்டில் வரவாக இருக்கும், இரண்டு பேரேட்டையும் சேர்த்துக் கூட்டி "இதுதான் சொத்து" என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லமாட்டார். அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். ஒரே கட்டத்தில் நில்லுங்கள்: தருபவர் பக்கம் மட்டும் கூட்டுங்கள், அல்லது களத்தில் செய்பவர் பக்கம் மட்டும் கூட்டுங்கள்.

இதே போல இன்னும் சில. ஒரு திட்டம் 60 சதவீதம் குடிநீர், 40 சதவீதம் கல்வி என்று பிரிந்திருந்தால் தரவிறக்கிய கோப்பில் அது இரண்டு வரியாக வரலாம், முழுத் தொகையும் இரண்டு வரியிலும் இருக்கிறதா, பிரித்துப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். மைனஸ் குறியோடு வரும் தொகைகளை அழித்துவிடாதீர்கள், அவை திரும்பி வந்த பணமோ திருத்தமோ, கணக்கின் பகுதி. வருடமும் எல்லோருக்கும் ஒன்றல்ல: இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் ஏப்ரலில் தொடங்கும், அமெரிக்க அரசுக்கு அக்டோபரில், உலக வங்கிக்கு ஜூலையில், ஓஇசிடியோ ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணும். பழைய வருடங்களோடு ஒப்பிடும்போது விலைவாசியைச் சரிக்கட்டிய தொகையை எடுங்கள், ஓஇசிடி தளத்தில் இரண்டு வகையும் கிடைக்கும். கடன்களில் கொடுத்தது, அதில் திரும்பி வந்ததைக் கழித்தது என்ற வேறுபாடும் உண்டு. ஜப்பான் இந்தியாவுக்குத் தருவது பெரும்பாலும் கடன் (தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்ததுதான்), அதனால் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும்.

போர், புயல், நிலநடுக்கம் போன்ற அவசர உதவிக்கு இடம் வேறு. ஐநாவின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் நடத்தும் எஃப்டிஎஸ் என்ற தளம் 1992 முதல் இந்தப் பணத்தைப் பின்தொடர்கிறது. நம் பக்கத்து வீடுகளில் பர்மாவின் பேர் சொல்லாத வீடு குறைவு, எனவே அதையே எடுத்துப் பார்க்கலாம். 2025 மார்ச் 28 அன்று மண்டலே, சகாயிங் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின் வருடத்தை எடுத்து மியான்மரைத் திறந்தால், ஐநா எவ்வளவு கேட்டது, எவ்வளவு கிடைத்தது, எந்த நாடு கொடுத்தது, உணவுக்கு எவ்வளவு, மருத்துவத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். ஐநாவின் கோரிக்கைக்கு வெளியே நேராகப் போன பணத்தைத் தனியாகக் காட்டும், அதையும் கோரிக்கையின் சதவீதத்தோடு சேர்த்துவிடக் கூடாது. எந்தப் பகுதியில் எத்தனை மக்கள், எந்தச் சாலை, எந்த மருத்துவமனை என்ற களத் தரவு வேண்டுமென்றால் அதே அலுவலகம் 2014இல் தொடங்கிய எச்டிஎக்ஸ் தளம் இருக்கிறது, வரைபடக் கோப்புகள் கொட்டிக் கிடக்கின்றன.

இவ்வளவு சொல்லியும் தெரியாத பெரிய பகுதி ஒன்று இருக்கிறது. சீனா ஓஇசிடிக்குக் கணக்குக் கொடுப்பதில்லை. அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தில் இயங்கும் எய்ட்டேட்டா குழு செய்திகள், அரசு ஆவணங்கள், கடன் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் தோண்டி 2000 முதல் 2021 வரை 165 நாடுகளில் 20,985 சீனத் திட்டங்களைப் பட்டியலிட்டு 2023இல் வெளியிட்டது, மதிப்பு 1.34 டிரில்லியன் டாலர், அதாவது 1.34 லட்சம் கோடி டாலர். இலங்கையைப் பற்றி ஆராய்கிறவர் இதைத் தவறவிடக் கூடாது. இந்தியாவும் அப்படித்தான், டிஏசி உறுப்பினரும் இல்லை, அங்கே கணக்கும் ஒப்படைப்பதில்லை. 2022 நெருக்கடியில் இலங்கைக்கு இந்தியா சுமார் 4 பில்லியன் டாலர் அளவுக்குக் கைகொடுத்தது, அது குறிப்பிட்ட வரம்பு வரை எடுத்துக்கொள்ளும் கடன் (லைன் ஆஃப் கிரெடிட்), நாணயப் பரிமாற்றம் என்று பல வழிகளில் பிரிந்து கிடக்கிறது, டி-போர்ட்டலில் தேடினால் அந்தச் சித்திரம் கிடைக்காது. வெளியுறவு அமைச்சகத்தின் பட்ஜெட் ஆவணங்களையும் இந்திய ஏற்றுமதி இறக்குமதி (எக்சிம்) வங்கியின் லைன் ஆஃப் கிரெடிட் பட்டியலையும் கையால் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். இவ்வளவு பெரிய தொகை தரும் நாடு, வாங்கும் நாடு இரண்டுமாக இருக்கிற நாம் இதைத் திறந்த வடிவத்தில் வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொண்டு நிறுவனங்களுக்கு வெளிநாட்டிலிருந்து நேராக வரும் பணம் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றித் தர முடியாது. 2022இல் உள்துறை அமைச்சகம் தன் தளத்தில் இருந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கை உள்ளிட்ட சில விவரங்களை எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் தளமே இணையத்திலிருந்து காணாமல் போனது. இன்று இருக்கிற பக்கம் நாளை இருக்கும் என்று எண்ண வேண்டாம். தேவையான கோப்பைத் தரவிறக்கி, எடுத்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிச் சேமித்து வையுங்கள். அந்த மூலக் கோப்பில் கை வைக்காமல், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். எக்செல்லில் வடிகட்டியும், வரிகளைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிளும் தெரிந்தாலே போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

கிடைத்ததை வைத்து என்ன செய்யலாம்? உங்கள் கண்மாய் இருக்கும் திட்டத்தின் எண், கடன் எண், கடைசி நிலவர அறிக்கையின் தேதி, அதில் சொல்லியிருக்கும் இலக்கு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கிராம சபைக்குக் கொண்டு போங்கள், பாசனச் சங்கத்துக்காரர்களிடமும் ஒரு நகல் கொடுங்கள். பிறகு 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீர்வளத் துறைக்கு மனுப் போடுங்கள். "எங்கள் ஊர்க் கண்மாய்க்கு எவ்வளவு வந்தது" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். திட்ட எண்ணைக் குறிப்பிட்டு, இந்த ஊரில் இந்தக் கண்மாய் வேலைக்கான ஒப்பந்தத்தின் நகல், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரரின் பில் தொகை, அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள் என்று கேளுங்கள். அளவுப் புத்தகத்தில்தான் கரையை எத்தனை மீட்டர் பலப்படுத்தினார்கள், எந்த மடையைக் கட்டினார்கள் என்பது வரிவரியாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நடந்து அளந்து பார்க்கலாம்.